கடலில் கரண்ட் எடுக்கப் போன மூன்று நாட்கள்

எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டு வந்துவிட்டார்கள். மகனோ மகளோ டிக்கெட் அனுப்புவார்கள். இவர்கள் போய், குழாயைத் திருகினால் வெந்நீர் வருவதைப் பார்த்து வியந்து, திரும்பி வந்து சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடைக்கு வருபவர்களை எல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் மகன் அம்பத்தூரில் இருக்கிறான். ஆகவே எனக்கு வாய்த்த வெளிநாடு, கேளம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ஒரு மீனவர் குப்பம். பாஸ்போர்ட் கேட்கவில்லை. மற்றபடி வெளிநாட்டுக்கு உரிய எல்லாமே இருந்தது. பாதிப் பேச்சு புரியவில்லை, சாப்பாட்டில் காரம் அதிகம், காப்பி கிடைக்கவில்லை.

என்னை அங்கே அனுப்பிவைத்தது ஓர் எருமைக் கொட்டகை. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் சரோஜாம்மாளின் கொட்டகை அது. ஏரியை ஒட்டி, ஒரு கிணற்றோடு இருக்கும் அந்தத் துண்டு நிலம்தான் அவர் கணவர் ஏகாம்பரத்துக்கு மிச்சம். அவர் குடும்பத்தின் மற்ற நிலங்கள் மனைகளாகி, அவற்றின் மேல் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். ஏகாம்பரம் இதை மறக்க விடமாட்டார். "சார், உங்க பெட்ரூம் கீற எடத்துல நாங்க வேர்க்கடலை போட்டிருந்தோம். சூப்பரா வெளையும்" என்பார். இப்போது அங்கே என் தூக்கம் மட்டும்தான் விளைகிறது. அதுவும் சுமாராகத்தான்.

ஒரு நாள் காலை சரோஜாம்மாள் பாலை அளந்து ஊற்றிவிட்டு நகராமல் நின்றார்.

"சார், அவுரு கடல்லேர்ந்து கரண்ட் எடுக்கப் போறாராம்."

"யாரு, ஏகாம்பரமா?"

"ஆமா. எவனோ எஞ்சினீராம். நெலத்த அவன் கம்பெனி பேருக்கு எழுதிக் குடுத்தா இவர டைரக்டரா போடறானாம். நீங்க கூட போயி பாத்து, வேணாம்னு சொல்லுங்க சார். நெலம் பூட்ச்சின்னா நான் எருமைங்கள எங்க கட்டுறது? உங்க மாடில கட்டவா?"

எங்கள் மாடியில் என் மனைவி வடாம் காயவைப்பது வழக்கம். நான் பயணத்துக்குச் சம்மதித்தேன்.

அன்று சாயங்காலமே ஏகாம்பரமும் வந்தார். "சார், நீங்க கரண்ட் ஆபீஸ்ல இருந்தவரு. கூட வந்து மூணு நாளு இருந்து பாருங்க. நீங்க ஓகேன்னா ஓகே" என்றார். ஆக, வழக்கின் இரு தரப்பும் ஒரே ஆளை விசாரணை அதிகாரியாக நியமித்துவிட்டன. ஒரு தரப்பின் பாலில் காப்பி குடிப்பவன் அந்த விசாரணையை நடத்தக் கூடாது என்பது இலாகா நடைமுறை. அந்த நடைமுறையை நான் யாருக்கும் நினைவூட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மின் இலாகாவில் நான் இருந்தது நிர்வாகப் பிரிவில். பணிக்காலம் முழுவதும் ஓர் ஒயரைக்கூட நான் தொட்டதில்லை. ஒயர் போவதற்கான அனுமதியைத் தொட்டிருக்கிறேன். அது இன்னும் ஆபத்தானது.

முதல் நாள் ஏகாம்பரத்தின் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். அது அவருடைய கல்யாணத்தின்போது வந்த ஸ்கூட்டர். உப்பளங்களுக்கு நடுவே, நிழல் என்று சொல்ல ஒரு கம்பம்கூட இல்லாத இடமாகப் பார்த்து அது நின்றது. ஏகாம்பரம் இறங்கி, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சற்று நேரம் காத்திருந்து நிமிர்த்தினார். புறப்பட்டது. மறுபடி நின்றது. மறுபடி சாய்த்தார். போகும் வழியெல்லாம் தன் சகலையைப் பற்றியே பேசினார். பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்பவர் அந்தச் சகலை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டுவாராம். அதில் பெயருக்குக் கீழே 'டைரக்டர்' என்று இருக்குமாம்.

"எனக்கும் பை கீது சார். உள்ள போட கார்டுதான் இல்ல" என்றார். கடல் மின்சாரத்தின் முதல் தேவை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

எஞ்சினீயரின் பெயர் ஜெயசீலன். பல்லாவரத்துப் பையன், பையன் என்றால் நாற்பதை நெருங்குபவர். வடக்கே ஏதோ குளிர்க் கடல்களில் கப்பல் வேலை பார்த்துவிட்டு, அந்தச் சம்பளத்தை எல்லாம் இரும்பாக மாற்றிக்கொண்டு வந்து, குப்பத்தில் வலை வைக்கும் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார். ஊரில் எல்லாரும் அவரைக் 'கரண்ட் சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏமாற்றுக்காரராக இருப்பார் என்று எதிர்பார்த்து, அதற்கு உண்டான கேள்விகளோடு போயிருந்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, அவர் நேர்மையானவர். இது விசாரணையைச் சிக்கலாக்கியது. ஏமாற்றுக்காரனை நிராகரிப்பதற்கு நடைமுறை இருக்கிறது. நேர்மையானவனை நிராகரிக்க மனது இருந்தால்தான் முடியும்.

அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு பெரிய இரும்பு மிதவை நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. "சார், டெக்னிக்கலா ரொம்ப சிம்பிள்" என்றார் ஜெயசீலன். "உள்ள காலி. அடிப்பக்கம் திறந்திருக்கும். அலை ஏறினா உள்ள இருக்கற காத்தை மேல தள்ளும், இறங்கினா இழுக்கும். அந்த மூச்சுல ஒரு விசிறி சுத்தும். விசிறி சுத்தினா கரண்ட். நிலக்கரி வேண்டாம், புகை இல்ல. அலைக்கு யாரும் பில் போட மாட்டாங்க."

"விற்பனை?"

"கரண்ட் வேண்டாம்னு யாராவது சொல்வாங்களா சார்? தினமும் பவர் கட். கேரளாவுல அரசாங்கமே கடல்ல ஒண்ணு கட்டியிருக்கு. நம்ம ஊர்ல தனியார்ல நாமதான் முதல்."

"உற்பத்தி செய்யும் இடத்தின் சர்வே நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

ஜெயசீலன் கடலைப் பார்த்தார். ஏகாம்பரமும் பார்த்தார். இலாகாவின் கம்பியில் மின்சாரத்தை ஏற்றவேண்டுமென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். அலைக்கு சர்வே நம்பர் கிடையாது, பட்டா கிடையாது, எல்லைக்கல் நட்டால் மூழ்கிவிடும். என் முதல் ஆட்சேபம் நன்றாக வேலை செய்ததில் எனக்குத் திருப்தி.

"அத்த அப்புறம் பாத்துக்கலாம் சார். மொதல்ல பல்ப எரிய வுடு தம்பி" என்றார் ஏகாம்பரம்.

ஜெயசீலன் தலையைச் சொறிந்தார். "இன்னிக்கு முடியாதுண்ணா. மூடி போட்டிருக்கு."

"மூடிய எடு."

"இன்னிக்கு நம்ம முறை இல்ல."

முறை என்றால் என்ன என்று அவர் சொல்லத் தொடங்கும்போதே சாப்பாடு வந்துவிட்டது. கொட்டகைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அஞ்சலை அனுப்பியது. சோறு, சங்கரா மீன் குழம்பு, பிறகு கடம்பா என்னும் கணவாய் வறுவல். எத்தனை கைகள் என்று எண்ணிச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் கடம்பாவைச் சாப்பிட முடியாது. எங்கள் வீட்டில் மீன் நுழைவதில்லை. என் மனைவியின் உத்தரவு. ஆகவே வெளிநாட்டில் இருக்கும்போது அந்த ஊர் வழக்கத்தை மதிப்பதுதான் நாகரிகம் என்று முடிவு செய்து, இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். எல்லாம் நன்றாக இருந்தது. டீ மட்டும் கொடுமை.

"இன்னாம்மா டீ இது? வெள்ளை அடிச்ச தண்ணி மாரி கீது" என்றார் ஏகாம்பரம்.

"பவுடர் பாலுண்ணா" என்றார் அஞ்சலை. "இங்க எங்க மாடு கீது? கடல் மாட்டயா கறக்கறது? நல்ல பாலு கெடச்சா நான் ஏன் பவுடர கரைக்கறேன்?"

ஏகாம்பரம் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை முறையைப் பற்றிய விளக்கம் கிடைத்தது. சொன்னவர் குப்பத்துப் பஞ்சாயத்தில் மூத்தவரான கன்னியப்பன். வலைக்கு நடுவே கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் எங்களுக்காக வேலையை நிறுத்தவில்லை. அவர் பேச்சில் எனக்குப் புரிந்ததை இங்கே மொழிபெயர்த்துத் தருகிறேன்.

கடலில் எந்தப் பொருள் ஒரே இடத்தில் மிதந்தாலும் அதன் நிழலில் மீன் சேரும். இவர்களே தென்னை மட்டைகளையும் மரக்கிளைகளையும் கல்லில் கட்டி இறக்கி மீனைச் சேர்ப்பது உண்டு. கரண்ட் சார் கொண்டுவந்து இறக்கியது அவற்றைவிடப் பல மடங்கு பெரியது. கொஞ்ச நாளிலேயே அதன் அடியில் கடம்பா கூட்டம் கூட்டமாக வந்து குடியேறிவிட்டது. ஆனால் அலை அடித்து விசிறி சுற்றினால் மிதவை ஊளையிடுகிறது. ஊளையிட்டால் மீன் ஓடிவிடுகிறது. பஞ்சாயத்து கூடியது. மிதவையின் மேல் ஒரு மூடி செய்து பூட்டினார்கள். மீன் திரும்பி வந்தது. எந்த இடத்தில் மீன் சேர்ந்தாலும் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுக்கொள்வது இந்த ஊரின் பழைய சட்டம். மிதவைக்கும் அப்படியே போட்டார்கள்.

"அப்போ இவருக்கு?" என்று ஜெயசீலனைக் காட்டினேன்.

"இன்னா சார் இப்பிடி கேக்கற? அவுரும் இங்கதான குடி கீறாரு, ஊர் வரி குடுக்கறாரு. அவுருக்கும் ஒரு நாளு குட்துகீறோம்" என்றார் கன்னியப்பன், யாருக்கும் குறை வைக்காத பெருமையோடு. "அவுரு முறை அன்னிக்கி மூடிய தொறந்து வுட்டு ஊளை வுட்டுக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

மின்வெட்டு அட்டவணைகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே தட்டச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் மின் நிலையத்தையே ஊரின் வீடுகளில் ஒன்றாகச் சேர்த்து, அதற்கு வரிசையில் ஓர் இடம் கொடுத்து, மற்ற நாளெல்லாம் வாயை மூடிவைத்த ஓர் அமைப்பை அன்றுதான் பார்த்தேன். ஜெயசீலனிடம், இயந்திரம் அவருடையதுதானே, ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேட்டேன்.

"நங்கூரம் போட ஊரே வந்து கயிறு பிடிச்சாங்க சார். கூலி வாங்கல. அதுவும் போக, மீன் சேர்றது உண்மைதானே?" என்றார்.

ஏகாம்பரம் பின்வாங்குவார் என்று நினைத்தேன். அவர் கண் விரிந்துவிட்டது. "சார், கரண்ட் ஒரு வருமானம், கடம்பா ஒரு வருமானம். ரெட்டை போகம்!" என்றவர் கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனிக்கு இரண்டு முறை வேண்டும் என்று பேரத்தைத் தொடங்கினார். "ரெண்டு வூடு கட்னா ரெண்டு முறை" என்றார் கன்னியப்பன். கட்டிவிடலாம் என்றார் ஏகாம்பரம். என் கண்ணில் எங்கள் மாடியும், வடாமும், அதைத் தின்னும் எருமைகளும் தெரிந்தன.

ஆட்சேபங்களை வலுப்படுத்தவேண்டிய கட்டாயம் வந்துவிட்டதால், மிதவையை நேரில் ஆய்வு செய்ய முடிவு செய்து கட்டுமரத்தில் ஏறினேன். ஏறினேன் என்பது என் சொல். ஏற்றினார்கள். மிதவைக்குப் போனதும் ஆட்சேபம் தானாகவே கிடைத்தது. தண்ணீர்க் கோடு நெடுகப் பெயிண்ட் கொப்புளித்து, இரும்பு அப்பளம்போல உரிந்துகொண்டிருந்தது. அலைக்கு விலை இல்லை, சரி. அலையைப் பிடிக்கும் இரும்புக்கு விலை உண்டு. அதை ஒவ்வொரு வருஷமும் கரைக்கு இழுத்துச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கச் செலவு உண்டு. இதையெல்லாம் கூட்டினால், கரையில் வந்து இறங்கும் மின்சாரத்தை நிலக்கரி மின்சாரத்தின் விலைக்கு யாரால் விற்கமுடியும்? வாங்கப்போகிறவன் யார்? கிணற்றுப் பம்பை இலவச மின்சாரத்தில் ஓட்டும் ஏகாம்பரமே வாங்கமாட்டார். இதை எல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு குனிந்தபோது என் மூக்குக்கண்ணாடி கழன்று கடலில் விழுந்தது. விழுந்தது கண்ணாடி மட்டும்தான், நான் விழவில்லை என்பதை என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

மூன்றாம் நாள் கரண்ட் சாரின் முறை. சொன்னபடி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காலையிலேயே நான்கு பேர் போய் மூடியைத் திறந்துவிட்டு வந்தார்கள். கொட்டகை வாசலில் ஒரு பலகையில் பல்பு மாட்டியிருந்தது. குப்பமே வந்து உட்கார்ந்திருந்தது. பல்பைப் பார்க்க அல்ல, டைரக்டராகப் போகிறவரைப் பார்க்க. ஏகாம்பரம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையில் பேனா.

கடல் தட்டில் ஊற்றிய ரசம்போல இருந்தது. மாசி போய்ப் பங்குனி வந்திருந்தது; காற்று என்பதே இல்லை. மிதவை ஊளையிடவில்லை. எப்போதாவது ஒரு பெருமூச்சு விட்டது.

என் கண்ணாடி இல்லாமல் எனக்குப் பல்பு ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரிந்தது. விசாரணை அதிகாரிக்குச் சாட்சியத்தைப் பார்க்க முடியாத நிலை.

"ஏகாம்பரம், எரியுதா?"

அவர் பலகைக்குப் பக்கத்தில் போய், இரண்டு கையாலும் பல்புக்கு நிழல் கட்டி உற்றுப் பார்த்தார். "உள்ள ஒரு கம்பி கீதே சார், அது செவக்குது."

"எரியுதுன்னு எழுதிக்கலாமா?"

"ஊதுவத்தி மாரி கீது." சற்றுப் பொறுத்து, "இப்போ அதுவும் இல்ல."

"அண்ணா, வாடைக் காத்துல பாக்கணும்" என்றார் ஜெயசீலன். அவர் குரலில் கெஞ்சல் இல்லை. நல்ல மாணவன் ஒருவன் காய்ச்சலோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து சொல்வதுபோல இருந்தது. "ஐப்பசில ஒரு நாள் பல்பே வெடிச்சுடுச்சு."

ஐப்பசி மழையில் யார் மின்விசிறி போடுகிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஏகாம்பரம் கன்னியப்பன் பக்கம் திரும்பிவிட்டார்.

"பெரியவரே, இன்னிக்கு கடல் தூங்குது. நாளிக்கு இவருக்கு ஒரு முறை சேத்துக் குடுங்க."

"நாளிக்கி பழனி வூட்டு முறை."

"அப்போ இன்னிக்கு போனதுக்கு?"

"முறை தப்புனா தப்புனதுதான், நைனா. வோணும்னா கடல் மேல கேஸ் போடு."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, "டைரக்டரு கோட்டு போட்டுனு வந்திருந்தா அல வந்திருக்கும்" என்று ஒரு குரல் வந்தது. ஏகாம்பரம் சண்டைக்குப் போவார் என்று எண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சண்டைக்குப் போகவில்லை. மிதவை இருந்த திசையையே பார்த்தபடி நின்றார்.

"கரெக்ட்டுதான்" என்றார் கடைசியில். "எங்க ஏரி மடைத் தண்ணிக்கும் இதே சட்டம்தான் சார். நம்ம முறை அன்னிக்கு தண்ணி வரலன்னா, பக்கத்து கழனிக்காரன் அவன் முறைய தரமாட்டான். நானே தந்ததில்ல."

பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அதுக்குத்தான எங்கப்பா அந்தக் கெணத்த வெட்னாரு."

பிடித்திருந்த அவர் கையை விட்டேன்.

"கெணத்த குடுத்துட்டு முறைய வாங்கிக்கினு போனா, எரும கூட சிரிக்கும் சார்" என்றார் ஏகாம்பரம். ஜெயசீலனின் தோளில் கைபோட்டு, தள்ளி அழைத்துக்கொண்டு போனார். என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. ஜெயசீலன் தலையாட்டியது தெரிந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கே தெரிந்தது. சர்வே நம்பர், துரு, வாங்குவோர் இல்லாமை என்று நான் தயார் செய்திருந்த ஆட்சேபங்கள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இலாகாவிலும் எனக்கு இப்படித்தான் நடக்கும்.

திரும்பும்போது ஸ்கூட்டர் எந்தப் பக்கம் சாய்த்தும் எழவில்லை. தாம்பரம் சந்தைக்குப் போகும் மீன் டெம்போவில் அதையும் எங்களையும் ஏற்றினார்கள். கூடைகளுக்கு நடுவே, கரையும் பனிக்கட்டியின் மேல் கால்வைத்துக்கொண்டு, ஏகாம்பரம் வழிநெடுக விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டார். கேளம்பாக்கம் தாண்டியதும் கேட்டார்: "சார், அஞ்சலை கடைல ஒரு நாளிக்கு எத்தினி டீ போவும்?"

வீட்டு வாசலில் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைக் கொல்லைப்புறமாக வரச் சொன்னாள். மறுநாள் காலை சரோஜாம்மாள் பாலை அளந்து ஊற்றி, அதற்குமேல் கையால் கொஞ்சம் கொசுறும் ஊற்றினார். "நீங்க சொன்னதாலதான் சார் கேட்டாரு" என்றார். மறுக்கவில்லை. பொய் சொல்வது வேறு, பாராட்டை இடைமறிக்காமல் இருப்பது வேறு.

இப்போது ஏகாம்பரத்திடம் கார்டு இருக்கிறது. பெயருக்குக் கீழே 'டைரக்டர்', அதற்குக் கீழே 'பால் சப்ளை'. சகலைக்கு முதல் கார்டு போய்விட்டது. விடியற்காலையில் ஸ்கூட்டரின் இரு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போகிறார். ஜெயசீலனின் டம்ளருக்கு மட்டும் அஞ்சலை காசு வாங்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாராம். அஞ்சலையின் டீ நன்றாக இருக்கிறது என்று கோவளத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிறதாம். இந்த ஆனியில் காற்று கொஞ்சம் எழுந்து, ஜெயசீலனின் முறை அன்று பல்பு சாயங்காலம்வரை எரிந்ததாகவும் ஏகாம்பரம் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எருமைகள் கொட்டகையில்தான் இருக்கின்றன. ஆனால் அவை சுரக்கும் பால் முன்பு இருந்த அளவுதான். போன திங்கட்கிழமை காலை செம்போடு வாசலில் வெகுநேரம் நின்றேன். சரோஜாம்மாள் கேனோடு எங்கள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"எங்க வீடு?" என்றேன்.

"நேத்துலேர்ந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சார். அவுருதான் தெருவுக்கு முறை போட்டுகீறாரு. நேத்து உங்க முறை. இன்னிக்கு உங்க முறை இல்ல."

"சரி, நேத்து நாங்க அம்பத்தூர் போயிருந்தோம். நேத்தைக்கு உள்ளதை இப்போ ஊத்திடுங்களேன்."

சரோஜாம்மாள் கேன் மூடியை அழுத்தி மூடினார்.

"முறை தப்புனா தப்புனதுதான் சார்."

கடுங்காப்பி குடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.